பீட்டிலுக்கு ஹெட் சூட்டு மீற்றர் பூட்டுவது பற்றி

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி போல இருந்தாலும் அடியில் ஒன்றுதான். அப்பாவின் 1967 வோக்ஸ்வாகன் பீட்டில், 1300 எஞ்சின், திருகோணமலை உப்புவெளியில் வைத்து ஓடுகிறீர்கள். கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிறதோ என்று பயம். அதனால் சிலிண்டர் ஹெட் சூட்டைக் காட்டும் மீற்றர் ஒன்றை வெளியிலிருந்து எடுப்பித்திருக்கிறீர்கள். ஸ்பார்க் பிளக்கின் அடியில் இருந்து சூட்டை அறியும் அதன் வளையத்தை எந்தச் சிலிண்டரில் போடுவது, டேஷ்போர்ட் வரை வயர் எட்டவில்லையே சாதாரண வயரால் நீட்டலாமா, எத்தனை பாகை காட்டினால் பயப்படுவது என்று கேட்கிறீர்கள். இந்த ஊசி சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி, எதை எந்த அளவுக்கு எடுப்பது என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. நான் தொழிற்சாலையில் கருவிப் பகுதியில் வேலை செய்தவன். உலை, கொதிகலன் எல்லாவற்றுக்கும் சூடு அளக்கும் தெர்மோகப்பிளோடுதான் என் பிழைப்பு ஓடியது. பீட்டில் பழக்கம் ஆசையால் வந்தது. ஆகவே வயர், மீற்றர் விஷயத்தில் சொல்வதை அப்படியே எடுக்கலாம். எஞ்சினின் உட்பக்கம் என்று வரும்போது, வோக்ஸ்வாகனிலேயே கை பழகிய மெக்கானிக் ஒருவர் வேறு சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

எந்தச் சிலிண்டர் என்பதில் சந்தேகமே இல்லை, மூன்றாவது. இந்த எஞ்சினில் எண்கள் காரின் முன்பக்கத்தை வைத்துத்தான் போகும்: வலப்பக்கம் முன்னே 1, பின்னே 2, இடப்பக்கம் முன்னே 3, பின்னே 4. நீங்கள் பின்னால் நின்று பொனற்றைத் திறந்தால் உங்கள் இடது கைப் பக்கம், கியர்பெட்டியை ஒட்டி, கை போகவே சிரமமான மூலையில் இருக்கிறதே, அந்தப் பிளக். இந்த எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீர் இல்லை, காற்றாடி தள்ளும் காற்றுதான். 1970 வரை வந்த எஞ்சின்களில் ஒயில் கூலர் காற்றாடிக் கூட்டுக்குள்ளேயே நிற்கும், அதுவும் சரியாக இந்தச் சிலிண்டருக்கு மேலே. காற்றை முதலில் கூலர் மறிக்கும், அதைத் தாண்டி வருவதும் ஏற்கெனவே சூடேறிய காற்று. வோக்ஸ்வாகன்காரருக்கே இது தெரிந்திருந்தது. அதனால்தான் பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிடும் அவர்களுடைய பல டிஸ்ரிபியூற்றர்களில் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் நெருப்பு கொஞ்சம் பிந்தி விழும்படி வைத்தார்கள். 1971 மொடலிலிருந்து கூலரை நகர்த்தி அதற்கென்று தனிக் காற்றுவழி கொடுத்தார்கள். உங்கள் காரில் இடையில் யாராவது புது எஞ்சின் போட்டிருந்தால் அந்த வகைக் கூடாகவும் இருக்கலாம், அப்போதும் வளையம் மூன்றிலேயே இருக்கட்டும். மற்றவர்களின் அளவோடு ஒப்பிட அதுதான் வசதி.

வளையம் போடும் வேலை சின்னது, ஆனால் அதில்தான் கவனம் வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும் அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைக் கழற்றினால் மரையும் சேர்ந்து வரும், அதற்குப் பிறகு செலவு வேறு கணக்கு. வளையம் ஹெட்டின் மேல் முழுவட்டமாகத் தட்டையாக உட்கார வேண்டும். பிளக் குழி இடுக்கமானது, வயர் பிடித்திருக்கும் அந்தத் தடித்த கழுத்துப் பகுதி பக்கச் சுவரில் முட்டி வளையத்தை ஒரு பக்கம் தூக்கிவிடும். அப்படித் தூக்கினால் இரண்டு கெடுதல்: கொம்பிரஷன் கசியும், அளவும் குறைத்துக் காட்டும். கழுத்தை மெதுவாக மேலே வளைத்துப் பாருங்கள், வளையத்தையே நெளித்துவிடாமல். அதற்கும் சரிவராவிட்டால் முட்டும் இடத்தில் ஹெட்டைக் கொஞ்சம் அராவுகிறவர்கள் உண்டு. எந்த இடத்தை எவ்வளவு என்று ஆளை வைத்துக் காட்டிச் செய்யவேண்டிய வேலை அது, எழுத்தில் சொல்லமாட்டேன். பிளக்கை இறுக்கும்போது வளையமும் சேர்ந்து சுற்றப் பார்க்கும். வயரை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், முறுக்க விடாதீர்கள், அந்தக் கழுத்தில் ஒரு முறை முறிந்தால் வளையம் குப்பைக்குத்தான்.

பிளக்கோடு வரும் வாஷரைக் கழற்றிவிட்டு வளையத்தைப் போடுவதா, வாஷரை விட்டுவிட்டு வளையத்தையும் போடுவதா என்பதில் ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். நான் கழற்றிவிடும் பக்கம். இந்த எஞ்சினுக்கு வருவது மரை நீளம் 12.7 மில்லிமீற்றர் மட்டுமே உள்ள குட்டைப் பிளக், அதில் வாஷரும் வளையமும் சேர்ந்தால் பிளக் அவ்வளவுக்கு வெளியே நிற்கும், பிடிக்கும் மரையும் குறையும். வளையமே செம்பு என்பதால் வாஷர் வேலையையும் அதுவே பார்த்துவிடும். ஆனால் உங்கள் மீற்றரோடு வந்த தாளில் வேறு சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள், வளையத்தின் தடிப்பு கொம்பனிக்குக் கொம்பனி மாறும். பூட்டி முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு அந்தப் பிளக் பக்கத்தில் புஸ் புஸ் என்று சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது. பிளக் வயர் தகட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அது அழகுக்கு இல்லை, காற்றாடி தள்ளும் காற்று அந்த ஓட்டையால் வெளியே போகாமல் தடுப்பது அதுதான். வளையத்தின் வயரை வெளியே எடுக்க வேண்டுமென்று அந்த ரப்பரைத் தூக்கி விட்டுவிட்டால், சூட்டை அளக்கப் போய் நீங்களே சூட்டைக் கூட்டினதாகும். ரப்பரின் ஓரத்தில் சிறிய வெட்டு ஒன்று போட்டு வயரை அதற்குள்ளால் எடுங்கள்.

சரி, வயர். இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவேண்டும். தெர்மோகப்பிள் என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு நுனியில் சேர்த்தது, அவ்வளவுதான். ஒரு நுனி சூடாகவும் மறு நுனி குளிர்ச்சியாகவும் இருந்தால் மிகச் சிறிய மின்னழுத்தம் வரும். ஜே வகையில் (இரும்பும் கொன்ஸ்டன்டன் என்ற கலப்புலோகமும்) ஒரு பாகைக்கு ஒரு மில்லிவோல்ற்றில் இருபதில் ஒரு பங்கு அளவு, கே வகையில் அதைவிடவும் குறைவு. இதற்குப் பற்றரி வேண்டியதில்லை, ஊசி மீற்றரை அந்தச் சொட்டு மின்சாரமே அசைக்கும். ஆனால் அது காட்டுவது ஹெட்டின் சூட்டை மட்டும் என்று நினைக்கவேண்டாம், ஹெட்டுக்கும் மறு நுனிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது அறியும். அந்த மறு நுனி எங்கே இருக்கிறது? தெர்மோகப்பிள் உலோகம் முடிந்து செம்பு தொடங்கும் இடம் எதுவோ, அதுதான் மறு நுனி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வளையத்தோடு வந்த குட்டை வயரை எஞ்சின் அறைக்குள்ளேயே சாதாரணச் செம்பு வயரோடு முறுக்கி முன்னே கொண்டுவந்தால், மறு நுனி எஞ்சின் அறைக்குள் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். மலிவான ஊசி மீற்றர்கள் பலவற்றில் மறு நுனியின் சூட்டைத் திருத்தும் ஏற்பாடு கிடையாது. அது ஏறக்குறைய 24 பாகையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதாவது அமெரிக்கர்களின் 75 பாரன்ஹீற், டயலைக் கீறியிருப்பார்கள். திருகோணமலை வெயிலில் ஓடும் காரின் எஞ்சின் அறையில் அந்த இணைப்பு 60 பாகையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட் உண்மையில் 220 பாகை. வித்தியாசம் 160. மீற்றர் அதோடு 24ஐக் கூட்டி 184 என்று காட்டும். நீங்களும் நிம்மதியாக அக்சிலேற்றரை மிதிப்பீர்கள். இந்தப் பிழையின் மோசமான குணம் என்னவென்றால், எஞ்சின் அறை சூடாகச் சூடாகப் பிழையும் கூடும், அதுவும் நிம்மதி தரும் பக்கமாகவே கூடும். மீற்றர் இல்லாமல் ஓடுகிறவனாவது பயத்தோடு ஓடுவான்.

ஆகவே வளையத்தின் வயர் என்ன வகையோ அதே வகை தெர்மோகப்பிள் நீட்டு வயர் வாங்கி, மறு நுனியைக் காருக்குள், மீற்றரின் பின்பக்கம் வரை கொண்டுவாருங்கள். பின் சீட்டுக்கு அடியால் வந்து கதவோரக் கம்பளத்துக்குக் கீழே முன்னே போகலாம். எக்ஸோஸ்ட்டையும் ஹீற்றர் பெட்டிகளையும் தொடாமல், பிளக் வயர்களோடு சேர்த்துக் கட்டாமல். காருக்குள் வந்த பிறகு மிஞ்சிய ஒரு முழத்துக்கு நல்ல தடித்த செம்பு வயர் போட்டால் பெரிய குற்றமில்லை, அங்கே சூடு உங்கள் உடம்புக்குத் தெரிகிற சூடுதானே. ஊசி மீற்றரில் வயரின் மின்தடையும் கணக்கில் வரும் என்பதையும் சொல்லவேண்டும். சில மீற்றர்களின் முகத்திலேயோ முதுகிலேயோ 2 ஓம், 8 ஓம் என்று எழுதியிருக்கும், மொத்த வயரும் அவ்வளவு தடையோடு இருக்கவேண்டும் என்பது பொருள். நீளம் கூடினால் குறைத்துக் காட்டும், வெட்டிக் குறைத்தால் கூட்டிக் காட்டும். ஆகவே மிஞ்சிய வயரை வெட்டாமல் சுருட்டிக் கட்டிவையுங்கள். டிஜிற்றல் மீற்றருக்கு இந்தத் தடைக் கவலை இல்லை, ஆனால் உலோக வகை மாறக்கூடாது என்ற விதி அதற்கும் உண்டு. அத்தோடு உங்கள் கார் இன்னும் 6 வோல்ற்றில் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த ஆண்டுக் கார்கள் பல அப்படித்தான் வந்தன. ஊசி மீற்றரானால் விளக்குக் குமிழை மட்டும் மாற்றினால் போதும், 12 வோல்ற் டிஜிற்றலுக்கு உயிர் வராது.

நிறம் ஒரு பொறி. நம் ஊரில் எந்த எலக்ரீசியனும் சிவப்பைப் பிளஸ் என்றுதான் எடுப்பார். அமெரிக்கத் தெர்மோகப்பிள் வயரில் சிவப்பு மைனஸ்: ஜே வகையில் வெள்ளை பிளஸ், கே வகையில் மஞ்சள் பிளஸ். ஐரோப்பிய முறையில் வெள்ளை மைனஸ், ஜேக்குக் கறுப்பும் கேக்குப் பச்சையும் பிளஸ். மீற்றரில் மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஊசி பின்னால் போகும், உடனே பிடித்துவிடலாம். நீட்டு வயரின் இரண்டு முனையிலும் மாற்றிவிட்டால்தான் ஆபத்து. ஊசி ஒழுங்காக முன்னே போகும், ஆனால் இரண்டு இணைப்புக்கும் இடையிலுள்ள சூட்டு வித்தியாசத்தின் இருமடங்கைக் குறைத்துக் காட்டும். தொழிற்சாலையிலேயே இந்தப் பிழையைத் தேடிப் பிடிக்க நாள் கணக்கில் திணறியிருக்கிறோம். நிறத்தில் நம்பிக்கை இல்லையென்றால் ஒரு காந்தத்தை எடுங்கள். ஜே வகையில் காந்தம் பலமாக இழுக்கும் கம்பி இரும்பு, அது பிளஸ். கே வகையில் லேசாக இழுபடும் கம்பி மைனஸ்.

ஜே வகையானால் நம் கடற்கரைக்கு இன்னொரு பிரச்சினை, அந்த இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். உப்புவெளி, நிலாவெளிக் காற்றில் திறந்து கிடக்கும் இணைப்பு எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இணைப்பைச் சுத்தமாக இறுக்கி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். கறுப்பு ரேப் சுற்றிவிட்டு வரவேண்டாம், எஞ்சின் சூட்டில் அது இளகிக் கழன்றுவிடும்.

பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவில்லாதது. வளையத்தைத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் அது 100 பாகைதான், நுவரெலியாவில் செய்தால் கணக்கு வேறு. (கன்னியா வெந்நீர்க் கிணற்றில் கொண்டுபோய் முக்கலாமா என்று ஒருவர் கேட்டார், அந்தச் சூடு போதாது.) அறையில் 33 பாகை, மீற்றர் 91 அளவில் நிற்கிறது என்றால் அது திருத்தம் இல்லாத வகை, பழுதில்லை, காருக்குள் எவ்வளவு சூடு என்று பார்த்து, 24க்கு மேலுள்ளதை ஊசி சொல்வதோடு மனதில் கூட்டிக்கொள்ளுங்கள். கச்சான் காலத்தில் 35 பாகை தாண்டுவது நமக்குப் புதிதில்லை, ஆகவே பத்துப் பன்னிரண்டு பாகை கூட்டிப் படிக்கப் பழகுங்கள். சரியாக 100 காட்டினால் திருத்தம் உள்ள வகை, காட்டுவதை அப்படியே படிக்கலாம். 70, 75 என்று நின்றால் வகை பொருந்தவில்லை அல்லது வயரில் எங்கோ கோளாறு.

இனி எத்தனை பாகை என்ற கேள்வி. மேலே சொன்னவை எல்லாம் பௌதிகம், அதில் தர்க்கமில்லை. இங்கே வருவது அனுபவத்தில் சேர்ந்த எண்கள், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். பிளக் அடி வளையத்தில், பீட்டில் எஞ்சினுக்கு, சமதரையில் அமைதியாக ஓடும்போது 150க்கும் 190க்கும் இடையில் நின்றால் கவலையில்லை. ஏற்றத்தில் சிறிது நேரம் 200, 205 தொடுவதையும் பலர் பொறுத்துக்கொள்வார்கள். 220 தாண்டி அங்கேயே நின்றால் ஏதோ சரியில்லை, 230 என்றால் நான் அதற்கு மேல் ஓடமாட்டேன். உங்கள் டயல் பாரன்ஹீற்றில் இருந்தால் 300 முதல் 375 வரை நிம்மதி, 425 தாண்டினால் யோசிக்க வேண்டும். பிளக்கின் அடி என்பது ஹெட்டில் அதிகம் சூடாகும் இடமும் இல்லை. எக்ஸோஸ்ட் வால்வுப் பக்கம் இதைவிடச் சூடாக இருக்கும், வளையத்தின் மேல் காற்றும் படும். விமான எஞ்சின்களுக்கு 260 பாகை வரை போகலாமே என்று யாராவது வாதாடினால் காதில் வாங்கவேண்டாம், அந்த ஹெட் வேறு, அளக்கும் இடமும் முறையும் வேறு.

இந்த எண்களைவிட உங்கள் காரின் வழக்கம் முக்கியம். எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது, காலையில் நிலாவெளி வீதியில் ஒரு வேகம், மத்தியானத்தில் கந்தளாய் வீதியில் அதே வேகம், ஊசி எங்கே நிற்கிறது என்று குறித்துவையுங்கள். பிறகு ஒரு நாள் அதே வீதி, அதே வேகம், 20 பாகை கூட என்றால் காரணம் இருக்கிறது. நெருப்பு விழும் டைமிங் முன்னே போயிருக்கலாம், மனிபோல்ட் இணைப்பில் காற்று இழுத்துப் பெற்றோல் கலவை மெலிந்திருக்கலாம், எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டி கிழிந்து கீழிருந்து வரும் சூடான காற்றையே காற்றாடி திரும்ப உறிஞ்சலாம், சிலிண்டர் செட்டைகளில் குப்பையும் ஒயிலும் சேர்ந்து அடைத்திருக்கலாம். பழைய காரில் எலிக்கூடு கண்டவர்களும் உண்டு. உண்மையில் மீற்றர் பூட்டுவதற்கு முன்னமே இந்தத் தகடுகள், ரப்பர்கள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்திருக்க வேண்டும். கராஜில் எஞ்சின் இறக்கி ஏற்றும்போது இது எதற்கு என்று எறிந்துவிடும் தகடுகள் சில இருக்கின்றன, அவை எல்லாம் காற்றுக்கு வழிகாட்டுபவை. வால்வு இடைவெளியையும், பெரும்பாலான இந்த எஞ்சின்களுக்கு ஆறிய நிலையில் 0.15 மில்லிமீற்றர், 5000 கிலோமீற்றருக்கு ஒரு முறை பார்த்துவாருங்கள். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வுதான் வழமையாக முதலில் போவது.

ஓடும்போது ஊசி ஏறினால் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்கத்தான் கை போகும். அதைச் செய்யவேண்டாம். காற்றாடி எஞ்சினோடு சுற்றுவது, அணைத்தால் காற்றும் நின்றுவிடும். மாத்தளையிலிருந்து கண்டிக்கு ஏறும்போது நான்காம் கியரிலேயே முக்கி முக்கி இழுப்பதுதான் இந்த எஞ்சினுக்குச் செய்யும் பெரிய கொடுமை. சுமை முழுக்க, காற்றோ குறைவு. ஒரு கியர் இறக்கி, அக்சிலேற்றரை அரைவாசிக்கு விட்டு, எஞ்சினைச் சுற்ற விடுங்கள், ஊசி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒயில் சூடு மீற்றரில் இப்படி உடனே பார்க்க முடியாது, ஒயில் மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். அதற்காக அது தேவையில்லை என்று சொல்லமாட்டேன், இரண்டும் வேறு வேறு கதை சொல்பவை. சூட்டு விஷயத்தில் ஒரு நேரத்தில் மட்டும் உடனே ஓரம்கட்டி அணைக்கவேண்டும்: டேஷ்போர்டில் ஜெனரேற்றரின் சிவப்பு விளக்கு எரிந்தால். ஜெனரேற்றரும் காற்றாடியும் ஒரே அச்சில், ஒரே பெல்ட்டில் சுற்றுபவை. பெல்ட் அறுந்தால் பற்றரி சார்ஜ் ஆகாதது சின்ன விஷயம், எஞ்சினுக்குக் காற்றே இல்லை. காருக்குள் ஒரு பெல்ட்டும் அதை மாற்றும் சாவியும் எப்போதும் கிடக்கட்டும்.

கடையில் விற்கும் துப்பாக்கி மாதிரியான சூடு பார்க்கும் கருவியை வைத்து மீற்றரைச் சரிபார்க்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். மினுங்கும் அலுமினியத்தில் அது மிகவும் குறைத்துக் காட்டும், அந்த எண்ணை எடுத்து வளையத்தோடு ஒப்பிடவேண்டாம். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டுமானால், இரண்டிலும் ஒரே மாதிரியான கறுத்த, மினுக்கமில்லாத இடத்தைத் தேர்ந்து பார்த்தால் ஓரளவு உதவும்.

உங்கள் மீற்றர் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. அதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது, வளையத்தின் இரண்டு வயரும் என்ன நிறம், காந்தம் எதில் ஒட்டுகிறது, இந்த மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். என்ன நீட்டு வயர் வாங்குவது என்று அதற்குப் பிறகு சரியாகச் சொல்லலாம். அதுவரை வளையத்தின் வயரை வெட்டவேண்டாம்.